காலையில் தேக்கா, இருட்டியபின் லாவ் பா சாட்

காரைக்குடியில் பெட்டி கட்டும்போதே சிங்கப்பூர்ச் சந்தைக் கணக்கு தொடங்கிவிடுகிறது. மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி, வத்தல், வடகம் தாராளமாகக் கொண்டுவரலாம். கசகசா மட்டும் கூடாது. சிங்கப்பூரில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அதைத் தடைசெய்த பொருள்களில் வைத்திருக்கிறது. தனிப் பொட்டலமாக இருந்தாலும் குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் ஒன்றுதான். "ரெண்டு கரண்டிதானப்பா" என்று ஆத்தா சொல்வார். சுங்கத்தில் கரண்டிக் கணக்கு எடுபடாது. இங்கே வெள்ளைக் குருமாவுக்கு முந்திரியோடு பொட்டுக்கடலை கொஞ்சம் சேர்த்து அரைக்கிறோம். பொட்டுக்கடலை கூடினால் குருமா ஆறியதும் கூழாக இறுகிவிடும், அதனால் முந்திரி ஒரு மடங்கு தூக்கலாகவே இருக்கட்டும். உப்புக்கண்டமும் வேண்டாம், இந்தியாவிலிருந்து இறைச்சி கொண்டுவர அனுமதி கிடையாது. மெல்லும் புகையிலையும் அப்படியே. வெற்றிலைப் பெட்டியோடு வரும் ஐயாக்களிடம் இதை ஊரிலேயே சொல்லிவிடுங்கள். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் கிடைக்கும், அதற்காகப் பெட்டியில் இடத்தை அடைக்க வேண்டாம்.

பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய சந்தைகள் இரண்டு: மீனும் கறியும் காயும் வாங்கத் தேக்கா, உட்கார்ந்து சாப்பிட லாவ் பா சாட். பெரும்பாலும் நேரத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறார்கள்: உச்சி வெயிலில் லாவ் பா சாட், சாயங்காலம் தேக்கா. இரண்டிலும் சுவை கெட்டுவிடும். அலுவலகக் கூட்டம் மேசைகளை அடைத்திருக்கும் நேரத்தில் முன்னதில் நிற்கக்கூட இடமிருக்காது. பின்னதில் மீன்கடைக்காரர்கள் தரையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

தேக்காவுக்கு லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சி வாசல் வழியாக ஏறினால் பஃபலோ சாலை. பூக்கடையும் காய்கறிக் கடையும் தாண்டியதும் சந்தை. முன்பு இது கண்டாங் கெர்பாவ் சந்தை, 1915இல் கட்டிய பழைய கட்டடம் எதிர்ப்பக்கம் இருந்தது. 1982இல் இந்தக் கட்டடத்துக்கு மாறியது. காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போய்விட வேண்டும். திங்கட்கிழமை மீன், கறிக் கடைகளில் பாதிக்கு மேல் அடைப்பு. சீனப் புத்தாண்டு சமயத்தில் சில நாள் சேர்ந்தாற்போல் மூடிவிடுவார்கள், அதற்கு முந்தைய வாரம் மீன் விலை தாறுமாறாக ஏறும். தரை எப்போதும் ஈரம், வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வரும் ஆச்சிகள் கொசுவத்தைக் கொஞ்சம் உயர்த்திச் செருகிக்கொள்வது நல்லது.

மீன் வரிசையில் பெயர்கள் மலாய் வழக்கில் ஓடும். தெங்கிரி என்றால் வஞ்சிரம், பாவால் என்றால் வாவல், கெம்போங் அயிலை, சோத்தோங் கணவாய், ஊடாங் இறால். விரலால் காட்டினாலே போதும். தமிழில் விலை சொல்லும் சீன வியாபாரிகளும் உண்டு. தமிழ்க் கடைக்காரரை "அண்ணே" என்றும் சீனரை "அங்கிள்", "ஆன்ட்டி" என்றும் கூப்பிடுவதுதான் வழக்கம். விலை கிலோவுக்கு எழுதியிருக்கும். வயதான வியாபாரி "காட்டி" என்று சொன்னால் அது ஏறக்குறைய 600 கிராம். கிலோ என்று நினைத்துக்கொண்டால் கணக்கு இடிக்கும். வெட்டிச் சுத்தம் செய்து தருவதற்குத் தனிக் காசு பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் "கறிக்கு", "வறுவலுக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் வஞ்சிரத்தைக் குறுக்கே விரல் கனத்துக்கு வெட்டிவிடுவார்கள். அது வறுவலுக்குத் தடிமன், உள்ளே வேகுமுன் மேல் மசாலா கருகும்.

நண்டு வாங்குவதுதான் இங்கே பெரிய வித்தை. கால் கட்டி உயிரோடு இருக்கும் சிலோன் நண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனமாக இருக்க வேண்டும். அடிவயிற்றில், கடைசிக் கால் முளைக்கும் இடத்தை விரலால் அழுத்தினால் கல்போல் நிற்க வேண்டும். அமுங்கினால் அது ஓடு மாற்றிய நண்டு, உள்ளே சதைக்குப் பதில் தண்ணீர்தான். கல்போல் நிற்கும் நண்டுதான் மிளகு நண்டு வறுவலுக்குச் சரி. நண்டு ரசத்துக்கு இந்தப் பெரிய நண்டு வீண் செலவு. புள்ளி போட்ட சின்ன நண்டு பாதி விலைக்கும் கீழே கிடைக்கும், ரசத்தில் அதுதான் இனிக்கும்.

கறிக்கடையில் தொங்குவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து குளிரூட்டி வந்தது. செம்மறியா வெள்ளாடா என்று கேட்டு வாங்குங்கள். செம்மறியில் வெள்ளைக் கொழுப்பு அதிகம். அதை வழித்து எடுக்காமல் ஊர்க் கணக்குக்கு நல்லெண்ணெயும் ஊற்றினால் உப்புக்கறி எண்ணெயில் மிதக்கும், வாடையும் அடிக்கும். காய்கறிக் கடையில் பேரம் பேச அவ்வளவு இடமில்லை. நாலு காய் சேர்த்து வாங்கினால் கறிவேப்பிலை கேட்காமலே பையில் விழும். அந்தப் பண்பு ஊர்ச் சந்தையிலிருந்து கப்பலேறி வந்ததாகத்தான் இருக்கும்.

வாங்கியதும் அங்கேயே உணவுக்கடைப் பக்கம் ஒரு ப்ராட்டாவும் கோப்பியும். கோப்பி என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் ஊற்றிய பாயசம் மாதிரி வரும். சர்க்கரைக்காரர்கள் "கோப்பி ஓ கோசோங்" என்று கேட்க வேண்டும்: பாலும் இல்லை, சீனியும் இல்லை. பால் வேண்டும், சீனி வேண்டாம் என்றால் "கோப்பி சி கோசோங்". "சியூ தாய்" என்றால் சீனி குறைச்சல், அவ்வளவே. மருத்துவர் சொன்ன குறைச்சல் அல்ல.

விரதக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிள்ளையார் நோன்பு, தைப்பூச நாள்களில் வருகிறவர்கள் காய்கறிதானே என்று கலப்புக் கடையில் கேட்டுவிடாதீர்கள். காங்கோங் கீரைப் பிரட்டலில் பெலாச்சான், அதாவது இறால் விழுது இருக்கும். லக்சா என்னும் நூடுல்ஸ் குழம்பில் காய்ந்த இறால், ரோஜாக் என்னும் பழக் கலவையில் கறுப்பாக ஊற்றுவதும் இறால் குழம்பே. தமிழ்ச் சைவக் கடையோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

லாவ் பா சாட் சாப்பிடுவதற்கான இடம், வாங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. எட்டுப் பட்டைக் கட்டடம், நடுவில் மணிக்கூண்டு. 1894இல் எழுந்தது, வார்ப்பிரும்பு கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தது. சீமையிலிருந்து இறக்கிய தூண்களைச் சொந்த வீட்டு வளவில் பார்த்து வளர்ந்தவர்கள் அண்ணாந்து பார்க்காமல் நகர மாட்டார்கள். 1973இல் தேசிய நினைவுச் சின்னமானது. பிறகு எம்ஆர்டி சுரங்கம் தோண்டுவதற்காக 1986இல் துண்டு துண்டாகக் கழற்றித் திரும்பப் பூட்டினார்கள்.

வார நாளில் மாலை ஏழு மணிக்குப் பக்கத்து பூன் டாட் தெருவை அடைத்து சாத்தே, அதாவது குச்சியில் குத்திச் சுட்ட கறி, விற்கும் கடைகள் போடுவார்கள். பெரும்பாலும் பத்துக் குச்சி குறைந்தபட்சம். ஆட்டுக்கறியும் கோழியும் பாதிப்பாதி கேட்டால் தருவார்கள். அடுப்புக்குக் காற்று வரும் பக்கம் உட்காருங்கள், இல்லாவிட்டால் புகை முழுக்கச் சேலையில்தான். மேசையில் கைத்துடைப்புக் காகிதப் பொட்டலம் தனியாகக் கிடந்தால் அந்த இடம் பிடித்தாயிற்று என்று பொருள், தள்ளிவிட்டு உட்காராதீர்கள்.

சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் இது சட்டம். முதல் தடவை எழுத்து எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். ஹலால் தட்டுக்கும் மற்றதற்கும் தனித்தனி அடுக்கு, பலகையைப் பார்த்து வையுங்கள்.

கால் ஓயாதவர்கள் அங்கிருந்து பத்து நிமிடத்துக்குள் மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு நடக்கலாம். வட்டித்தொழில் நடத்திய செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது தொழிலும் தங்கலும் ஒன்றாக இருந்த கூடங்கள், வரிசையாக இருந்த தெரு அதுதான். இப்போது ஒரு கிட்டங்கியும் இல்லை, இருபக்கமும் வானளாவிய கட்டடம். பெட்டகத்தையும் பெட்டியடியையும் தேடிப் போய் ஏமாற வேண்டாம். அந்தக் காலத்து நகரத்தாரின் அடையாளத்தைப் பார்க்க வேண்டுமானால் டேங்க் சாலையில் அவர்கள் 1859இல் எழுப்பி, 1983இல் புதிதாகக் கட்டி முடித்த தண்டாயுதபாணி கோயிலுக்குத்தான் போக வேண்டும். அது காலை வேலை. தேக்கா போகும் நாளிலேயே சேர்த்துக்கொள்ளலாம். மீன் வாங்குவதற்கு முன்னால் கோயில் என்று வைத்துக்கொண்டால் பையோடு அலைய வேண்டியதில்லை.