கப்பித் தாங்கிக்குத் தகைவுக் கணக்கு: பக்கவாட்டு இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது

ராமேசுவரம், மண்டபம், தொண்டி விசைப்படகுகளின் பின்பக்கம் மடியை (இழுவலையை) இழுக்கும் வயர் கடலுக்குள் இறங்குகிற இடத்தில் ஒரு கப்பி இருக்கும். அதைப் பிடித்திருக்கும் தாங்கி சாதாரணப் பொருள்: தளத்தில் போல்ட் போட்ட ஒரு பேஸ் பிளேட், அதன்மேல் வெல்டிங் செய்த இரண்டு நிமிர்ந்த தகடுகள், குறுக்கே ஒரு பின். ஃப்ரீகேட் என்ற வரைமென்பொருளிலும் கால்குலிக்ஸ் என்ற கணக்கு மென்பொருளிலும் இதை ஒரு மணி நேரத்தில் வரைந்து ஓட்டி, தகைவின் (ஒரு பரப்பில் வரும் விசையின்) வண்ணப்படமும் எடுத்துவிடலாம். படகில் நடப்பதை அந்தப் படம் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. நாங்கள் செய்த வழியை அப்படியே தருகிறோம்.

மென்பொருளைத் திறக்கும் முன்பே விசை தெரிந்திருக்க வேண்டும். 100 குதிரைத்திறனுக்கு ஏறக்குறைய 1 டன் இழுப்பு என்பது பழகிய தோராயக் கணக்கு. 120 குதிரைத்திறன் என்ஜின் என்றால் 12 கிலோநியூட்டன், இரண்டு வயருக்கும் ஆளுக்கு 6. ஆனால் மன்னார் வளைகுடாப் பக்கம் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) மடி சிக்கினால் ஒரே வயர் முழு 12-ஐயும் வாங்கும். அதைத்தான் போட வேண்டும். படகின் வேகத்தால் வரும் உதறல் இதற்கும் மேலே போகும். அதற்கு உச்சவரம்பு, வயரைச் சுற்றும் விஞ்சின் கிளட்சோ பிரேக்கோ நழுவும் விசை. 12 மி.மீ. வயர் அறுவதற்குச் சுமார் 70 முதல் 80 கிலோநியூட்டன் வேண்டும் என்பதால், வயர் முதலில் அறுந்து தாங்கியைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது.

அடுத்தது திசை. விஞ்சிலிருந்து வயர் கிடைமட்டமாக வந்து, கப்பியில் திரும்பி, 30 பாகை சரிவில் கடலுக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்க இழுப்பையும் கூட்டினால் கீழ்நோக்கி 6 கிலோநியூட்டன்தான் முக்கியமாக மிஞ்சும். தகடு ஒவ்வொன்றும் 150 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன் என்றால் இரண்டுக்கும் சேர்த்துப் பரப்பு 3000 சதுர மி.மீ. அதாவது தகைவு வெறும் 2 மெகாபாஸ்கல். இந்த எண்ணைப் பார்த்துத் தாங்கி தேவைக்கு மேல் கனம் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. படகு திரும்பும்போது அதே வயர் 15 பாகை பக்கவாட்டில் விலகட்டும். 2.7 கிலோநியூட்டன் பக்க விசை வரும். பின் 220 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. தகடுகள் இரண்டும் தனித்தனியாக வளைவதாகக் கொண்டால் வெட்டுமுகக் குணகம் (வளைவைத் தாங்கும் திறனைச் சொல்லும் அளவு) மொத்தம் 5000 கன மி.மீ., அடியில் தகைவு 118 மெகாபாஸ்கல். விலகல் 15 பாகைதான். தகைவு ஏறக்குறைய அறுபது மடங்கு. மென்பொருள் ஓட்டத்தைச் சீக்கிரம் முடிக்க, சமச்சீரை நம்பிப் பாதி மாதிரி மட்டும் செய்யும் வழக்கம் இங்கே உதவாது. பக்க விசை வந்ததும் சமச்சீர் போய்விடுகிறது. முழுத் தாங்கியையும் வரைய வேண்டும்.

தடிமனை வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் படகுகள் கரையேறி மராமத்தில் இருக்கும்போது, துருவைச் சுரண்டிவிட்டு மீயொலித் தடிமன்மானியால் வெல்டிங் ஓரத்தில் பல புள்ளிகளில் அளக்கலாம். இந்தக் கரையின் உப்புக்காற்று எஃகை எப்படித் தின்னும் என்பதைப் பாம்பன் பாலத்தைப் பராமரித்தவர்கள் நன்றாக அறிவார்கள். 10 மி.மீ. தகடு 8 ஆகத் தேய்ந்திருந்தால் வளைவுத் தகைவு 1.56 மடங்கு ஏறி 185-க்குப் போகும். சாதாரண ஐஎஸ் 2062 இ250 எஃகின் இளகு வலிமை, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு, 250 மெகாபாஸ்கல்.

அலகுக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. கால்குலிக்ஸுக்கு அலகு கிடையாது. கொடுத்த எண்ணை வாங்கிக்கொள்ளும். மி.மீ., நியூட்டன், டன் என்று வைத்தால் எஃகின் யங் குணகம் (விறைப்பைச் சொல்லும் எண்) 210000, பாய்சான் விகிதம் 0.3, அடர்த்தி 7.85e-9.

பேஸ் பிளேட்டின் அடிமுகத்தை முழுசாக நிலைநிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அது தளத்தை அசையாத பாறையாக்கிவிடும். உண்மையில் பக்கவாட்டு இழுப்பில் பிளேட்டின் ஒரு ஓரம் தூக்கிக்கொள்ளும். அந்த நெம்பலால் போல்டில் கூடுதல் இழுவிசை ஏறும். ஆகவே தளத்தைத் தனிப் பொருளாக வரைந்து, இடையே தொடுகை (ஒட்டாமல் தொட்டு அழுத்தும் நிபந்தனை) கொடுத்து, போல்டுக்கு முன்னிழுவிசை (இறுக்குவதால் வரும் இழுவிசை) வையுங்கள். எம்16, 8.8 தரப் போல்டுக்குச் சுமார் 68 கிலோநியூட்டன். உலர்ந்த மரையில் ஏறக்குறைய 220 நியூட்டன் மீட்டர் முறுக்கு. முதல் படியில் போல்ட் இறுக்கம் மட்டும், இரண்டாம் படியில் வயர் விசை. தொடுகை விறைப்பு யங் குணகத்தைப்போல் 5 முதல் 50 மடங்கு; குறைந்த பக்கத்திலிருந்து தொடங்கினால் ஓட்டம் எளிதில் குவியும், அதாவது ஒரு விடையில் வந்து நிற்கும். குவியாமல் போனால், பெரும்பாலும் ஏதோ ஒரு பாகம் எதிலும் ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்கும். தொடுகை வந்தபின் முடிவை விசைக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு விசைக்கும் தனியாக ஓட்ட வேண்டும்.

மரத்தளப் படகென்றால் இன்னொன்று. மரத்தின் குறுக்கு விறைப்பு எஃகில் நூறில் ஒரு பங்குகூட வராது. நாளாவட்டத்தில் மரம் அமுங்கி, போல்ட் இறுக்கமும் போய்விடும். அங்கே முன்னிழுவிசையை முழுதும் நம்பாமல், அது இல்லாமலும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

பின் துளையில் விசையைச் சுற்றிலும் பரப்பாதீர்கள். பின் துளையின் ஒரு பக்கத்தைத்தான் அழுத்தும், மறுபக்கத்தை இழுக்காது. துளை முகத்தை இரண்டாகப் பிரித்து, அழுந்தும் பாதியில் மட்டும் விசையைக் கொடுங்கள்.

மெஷுக்கு, அதாவது மாதிரியைக் கணக்குக்காகச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலைக்கு, இரண்டாம் படி நான்முகிகள்தான் (மூலைகளோடு விளிம்புகளின் நடுவிலும் கணக்குப் புள்ளி உள்ளவை). முதல் படி நான்முகி வளைவில் பொய்யாக விறைத்து, தகைவைக் குறைத்துக் காட்டும். தகட்டுத் தடிமனில் குறைந்தது 2 அடுக்கு வேண்டும். வளைந்த ஓரங்களில் துண்டு உருக்குலைந்து, ஜேக்கோபியன் பிழை வந்து ஓட்டம் நின்றால், அந்த இடத்தில் மட்டும் மெஷைப் பொடியாக்கினாலே பெரும்பாலும் சரியாகும்.

இனிமேல்தான், வண்ணப்படத்தில் உச்சத் தகைவைக் காட்டும் சிவப்பு நிறத்தின் ஏமாற்று. நிமிர்ந்த தகடு பேஸ் பிளேட்டில் சேரும் உள்மூலையைக் கூர்மையாக விட்டால், அங்கே உச்சத் தகைவுக்கு முடிவே இல்லை. செங்கோண உள்மூலையில் மெஷ் அளவைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் எண் 37 சதவீதம் வரை ஏறும், நிற்கவே நிற்காது. 400 என்று காட்டினாலும் 900 என்று காட்டினாலும் அதற்குப் பொருளில்லை. வெல்டிங்கை அதன் உண்மையான கால் (தகட்டோடு ஒட்டும் பக்க நீளம்) அளவில் வரைந்து, அதன் ஓரத்திலிருந்து தடிமனின் 0.4 மடங்கிலும் 1 மடங்கிலும், அதாவது 10 மி.மீ. தகட்டில் 4, 10 மி.மீ. தூரத்தில், தகைவை எடுங்கள். முதலதை 1.67-ஆலும் அடுத்ததை 0.67-ஆலும் பெருக்கிக் கழித்தால் வெல்டிங் ஓரத்துத் தகைவு கிடைக்கும். மெஷை மாற்றினாலும் இந்த எண் அதிகம் ஆடாது.

வண்ணம் பார்க்கும் முன் எதிர்விசைகளைக் கூட்டிப் பாருங்கள். கொடுத்த விசைக்குச் சமமாக வர வேண்டும். பிறகு, படகு கரையேறியிருக்கும்போது அதிலேயே ஒரு சோதனை: செயின் பிளாக்கும் தொங்கு தராசும் வைத்துக் கப்பிப் பின்னைப் பக்கவாட்டில் 275 கிலோ (அதே 2.7 கிலோநியூட்டன்) இழுத்து, டயல் கேஜில் நகர்வைப் படிக்கலாம். கேஜின் தாங்குகாலைத் தளத்தில் வைக்காமல் கரையில் நிறுத்துங்கள். தேயாத 10 மி.மீ. தகடுகள் பின்னோடு இறுகி ஒன்றாக வளைந்தால் சுமார் 0.45 மி.மீ., தனித்தனியாக வளைந்தால் 1.8. அளவு 1.8-ஐத் தாண்டினால் தளமும் சேர்ந்து கொடுக்கிறது. மாதிரியில் தளத்தின் விறைப்பைக் குறைத்தாக வேண்டும்.

கடைசியாகக் களைப்பு, அதாவது திரும்பத் திரும்ப வரும் விசையால் எஃகு விரிசல் விடுவது. 5 விநாடிக்கு ஓர் அலை என்றால் 8 மணி நேர இழுவையில் 5760 சுற்று. 174 நாளில் பத்து லட்சம். கடல்நீர் பட்ட எஃகுக்கு, இதற்குக் கீழே எத்தனை சுற்றானாலும் உடையாது என்கிற வரம்பு கிடையாது. சாயமும் துருக்காப்பும் கணக்கின் ஒரு பகுதியே. பக்கவாட்டு வளைவைக் குறைக்க வெளிப்பக்கம் முக்கோண முட்டுத் தகடு வைத்தால் அடித் தகைவு நன்றாக இறங்கும். ஆனால் உச்சம் முட்டின் மேல்நுனிக்கு மாறிவிடும். அந்த நுனியை மெலிந்து முடியும்படி வெட்டி, வெல்டிங்கைச் சுற்றிக் கொண்டுவந்து, மாதிரியைத் திரும்ப ஓட்டுங்கள்.