பில்லில் ‘இதர’

புதுச்சேரியில் ஒரு ஃப்ரேம் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். சாமி படம், கல்யாண போட்டோ, தஞ்சாவூர் ஓவியம் என்று பில்லில் பிரித்து எழுதுவோம். எதிலும் சேராதது ‘இதர’. ஓவியர்கள் மிக்ஸட் மீடியா என்று சொல்லிக் கொண்டுவருவதெல்லாம், அதாவது ஓவியத்தோடு வேறு பொருட்களும் சேர்த்துச் செய்த படமெல்லாம், எங்களுக்கு இதரதான்.

அந்தப் பெண் கொண்டுவந்ததும் அப்படித்தான். அப்பா வேலை பார்த்த மில் மூடப்பட்டபோது நடந்த போராட்டம். ப்ளைவுட்டில் பழைய செய்தித்தாள் ஒட்டி, மேலே கரியால் கூட்டத்தை வரைந்திருந்தார். ஒரு முகம்கூடக் கிடையாது, எல்லாம் முதுகு. பூட்டிய கேட்டைப் பார்த்து நிற்கிறவர்களின் பின்வரிசையில் நாமும் நிற்கிற மாதிரி இருக்கும். கேட் பாஸைக் குண்டூசியால் குத்தியிருந்தார். கீழே 12 கருப்பு நூல் முடிச்சுகள். 1936 ஜூலை 30 அன்று எங்கள் ஊர் சவானா மில் தொழிலாளர்களைச் சுட்டதில் இறந்தவர்கள் 12 பேர். வருடாவருடம் மாலை போடுவதைப் பார்த்திருக்கிறேன், எண்ணிக்கை மட்டும் அதுவரை மனதில் நின்றதில்லை.

சங்கக் கொடியின் கிழிசலையும் தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடும் ஒரு நாடாவையும் தனியாகக் கொடுத்து, “நீங்களே பொருத்திடுங்கண்ணா” என்றார்.

கண்ணாடி போடும் முன் எதையும் துடைத்துவிடுவது எங்கள் தொழில் பழக்கம். நாடா ஒரே பிசுக்கு. டர்பன்டைன் தொட்டுப் பளபளவென்று துடைத்தேன். கொடிக்கு இஸ்திரியும் போட்டு, இரண்டையும் ஃபெவிகாலால் ஒட்டினேன். நல்ல வேலை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

படத்தை எடுத்துப்போக வந்த அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தார். “அண்ணா, அது எங்கப்பா கைப்பட்ட எண்ணெய்.” திட்டியிருந்தால் தேவலை.

கூலி வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சரி, ஃபெவிகாலையாவது எடுத்துவிட்டு வேறு மாதிரி பொருத்துவோம் என்று உட்கார்ந்தோம். அப்போதுதான் சிலி நாட்டுக் கதையைச் சொன்னார். அங்கே 1973-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஆட்கள் காணாமல் போனார்கள். வீட்டுப் பெண்கள் சாக்குத் துணியில் துண்டுத் துணிகளைத் தைத்து நடந்ததைப் படமாக்கினார்கள். சில படங்களில் காணாமல் போனவரின் சட்டைத் துணியே இருந்ததாம். ஒட்டுவதைவிடத் தைப்பதுதான் இதற்குச் சரி என்று எனக்கும் பட்டது. ப்ளைவுட்டில் பொடித் துளை போட்டு, தூண்டில் நரம்பால் நாடாவையும் கொடியையும் கட்டினேன். ஒன்றரை அங்குல ஆழத்துக்கு பாக்ஸ் ஃப்ரேம், கண்ணாடி எதிலும் உரசாமல்.

குண்டூசியில்தான் சண்டை. நம்மூர்க் கடல் காற்றில் இரும்பு சும்மா இருக்காது. “துரு காகிதத்தைத் தின்னுடும்மா, எவர்சில்வர் ஊசி போட்டுடலாம்” என்றேன். “தின்னட்டும்ணா” என்றார். இதை இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த ஊசியில் கை வைக்கவில்லை.

அப்புறம் கண்காட்சிக்குக் கூப்பிட்டார், போனேன். மேலே இருந்த விளக்கு நேராக நாடாவின் மேல்தான் விழுந்தது. அது மட்டும் புதுசு மாதிரி மின்னியது. பக்கத்தில் நின்ற ஒருவர், “இதை எங்கே வாங்கினாங்களாம்?” என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.