ராயபுரம் அடுப்படி: வேலை நாட்குறிப்பு

செப்டம்பர் 4

தரையை உடைக்கப் போவதில்லை. முடிவாகிவிட்டது.

பத்துக்கு ஒன்பது அடுப்படி, மொசைக் தளம். அடியில் இருக்கும் ஜல்லியோடு மூன்று அங்குலம் பெயர்த்தால் 22 கன அடிக்கு மேல் இடிபாடு வரும். எடை ஒரு டன்னைத் தாண்டும். அதை மூட்டை கட்டி மீன்பாடி வண்டியில் ஏற்றினால் போகிற இடம் கொடுங்கையூர்க் குப்பைமேடு, இல்லாவிட்டால் இருட்டிய பிறகு ஏதாவது கால்வாய் ஓரம். அப்புறம் புது சிமென்ட், புது விட்ரிஃபைட் டைல். நல்ல தரையைக் குப்பையாக்கிவிட்டு, பெட்டியில் பச்சை இலை படம் போட்ட டைலை வாங்குவதில் என்ன பசுமை?

மொசைக்குக்கு வேண்டியது பாலிஷ்தான். சில்லு பெயர்ந்த குழிகளை வெள்ளை சிமென்ட்டும் அதே நிறச் சில்லும் கலந்து அடைத்து, மூன்று நாள் ஈரம் காய விடாமல் வைத்து, பிறகு 60, 120, 220 நம்பர் கல் வரிசையாக. கடைசியில் ஆக்சாலிக் தூள். அரைக்கும்போது வரும் வெளுத்த குழம்பைச் சாக்கடையில் தள்ளுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். குழாய்க்குள் போய் இறுகிவிடும். டிரம்மில் பிடித்து ஒரு ராத்திரி தெளியவிட்டு, தண்ணீரை மட்டும் விடச் சொல்லியிருக்கிறது.

செப்டம்பர் 6

மூலைச் சுவர் ஓதம் காக்கிறது. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டதில், நீர்த்துளி தாளுக்கும் சுவருக்கும் நடுவே. காற்றில் இருக்கும் ஈரமாக இருந்தால் தாளின் வெளிப்பக்கம் கோத்திருக்கும். சுவரேதான் குடிக்கிறது.

உப்பு பூத்த விளிம்பு தரையிலிருந்து 4 அடி 7 அங்குலம். சாக்பீஸ் கோடு, தேதி.

செப்டம்பர் 7

கோடு அங்கேயே.

செப்டம்பர் 9

சுவர் டைலைப் பெயர்த்தாயிற்று. பின்னால் முக்கால் அங்குல சிமென்ட் பூச்சு. அதற்கும் பின்னால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல். கோளாறு இந்த அடுக்கில்தான்.

இப்படிப்பட்ட பழைய சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்புப் பட்டை கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக ஏறும். கடலோரம், ஆகவே உப்போடு ஏறும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் முழங்கால் உயரத்துக்குள் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்திருக்கும். பிறகு யாரோ நாலு அடிக்கு டைல் ஒட்டிச் சுவரின் வாயை அடைத்துவிட்டார்கள். ஈரம் வெளியேற வழி தேடி டைலுக்கு மேலே ஏறி, அங்கே காய்ந்தது. உப்பு படிகமாகிப் பருத்துப் பெயிண்டைத் தள்ளியது. பெயிண்ட் உரிகிறதே என்று புட்டி, அதன் மேல் எமல்ஷன், மறுபடி புட்டி. கத்தியால் சுரண்டினால் ஐந்து நிறம் வருகிறது.

மேஸ்திரி: "ஒரு கெமிக்கல் கோட் அடிச்சிட்டா தீர்ந்துச்சுக்கா. பத்து வருஷம் கேரண்டி." அடித்தால் இந்தப் பக்கம் நிற்கும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையின் கட்டில். ஈரம் அங்கே போகும், பூஞ்சையும் அங்கேதான் பூக்கும். வேண்டாம்ண்ணே என்றதும் அவர் முகம் சுண்டிவிட்டது. சுண்டட்டும்.

செப்டம்பர் 10

ஆஸ்பத்திரியிலிருந்து அத்தையைப் பற்றி ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 12

பழைய மேடையின் கடப்பா கல் ஒண்ணேகால் அங்குலம். இந்தக் கனம் இப்போது கேட்டால் எளிதில் கிடைக்காது. மேல் முகம் முழுக்க மங்கல் வட்டங்கள். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சை, புளி எது பட்டாலும் அரித்துவிடும். கறை என்று நினைத்து ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தால் இன்னும் மோசம்.

கல்லைத் திருப்பிப் போடலாம். அடிமுகம் சொரசொரப்பு, ஆனால் கன்னி முகம். கை மெஷினில் 50-ல் தொடங்கி 400 வரை தேய்த்தால் போதும், கண்ணாடிப் பளபளப்பு தேவையில்லை. ஒரே சிக்கல் சிங்க் ஓட்டை. முன்பின்னாகப் புரட்டினால் குழாய்த் துளை முன்னால் வந்துவிடும். இடவலமாகப் புரட்டினால் முன்பக்கம் முன்பக்கமாகவே இருக்கும், சிங்க் மட்டும் வலமிருந்து இடத்துக்கு மாறும். கழிவுக் குழாய் வலது மூலையில். ஆறு அடி இழுக்கவேண்டும். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் என்றால் ஒன்றரை அங்குல இறக்கம். இடம் இருக்கிறது. இடவலம்தான்.

உயரம் 34 அங்குலம் இருந்தது. அத்தைக்கு முழங்கை 36-ல். அதில் ஐந்து கழித்து 31. காய் நறுக்கும் இடத்துக்குக் கீழே இரண்டு அடி வெற்றிடம், உட்கார்ந்து வேலை செய்ய. தாங்கலுக்கு இரண்டு அடிக்கு ஒன்றாக நிற்கும் கடப்பா பலகைகள். பின்பலகை கூடாது, சுவர் மூச்சு விட்டாகவேண்டும்.

செப்டம்பர் 13

ஆக்சிஜனைக் குறைத்திருக்கிறார்களாம். கோடு பார்க்கவில்லை.

செப்டம்பர் 16

ப்ளைவுட் கடையில் முதலில் கேட்கவேண்டியது விலை அல்ல, பசை. எம்.ஆர். (ஓரளவு ஈரம் தாங்கும்) ரகத்தில் யூரியா ஃபார்மால்டிஹைடு. ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பசை சிதைந்து வாயு விடும். அடுப்படியில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு பெரும்பாலும் இதே பசைதான், அதுவும் அதிகமாக. பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) ரகமும் ஐ.எஸ். 710 மரைன் ரகமும் ஃபீனால் பசை. வாயு மிகக் குறைவு, கொதிநீரிலும் பிரியாது. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அதெல்லாம் பின்னால். வீசிங் உள்ளவருக்கு அது முதல் வாரத்திலேயே நெஞ்சில் தெரியும்.

பலகையில் 'மரைன்' என்று அச்சடித்தால் மரைன் ஆகாது. ஐ.எஸ். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கவேண்டும், இந்தியத் தர நிறுவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று வரும். ஒரு கடையில் போட்டுப் பார்த்ததும் "அது பழைய ஸ்டாக் மேடம்" என்றார்கள். இன்னொரு வழி: உள்ளங்கை அளவு துண்டை ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி, ஒரு ராத்திரி வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட்டுக் காலையில் மோந்து பார்ப்பது. கண் கரித்தால் அந்தப் பலகை வேண்டாம்.

வாயு அதிகம் கசிவது முகத்தில் அல்ல, அறுத்த ஓரத்தில். லேமினேட் இரண்டு பக்கமும் ஒட்டி எட்ஜ் பேண்டை (ஓரப் பட்டையை) முன் ஓரத்துக்கு மட்டும் போடுவது இங்கே ஊர் வழக்கம். நாலு ஓரமும் போடவேண்டும். கீலுக்குக் குடையும் குழியையும் வார்னிஷால் அடைக்கவேண்டும்.

இவ்வளவு எழுதிய பிறகு: ப்ளைவுட் இரண்டு இழுப்பறைக்கு மட்டும்.

செப்டம்பர் 18

கோட்டுக்கு மேலும் ஒன்றரை அடி வரை சிமென்ட் பூச்சைக் கொத்தியாயிற்று. செங்கல் இணைப்புகளை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தள்ளுகிறார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. கரைந்த உப்பு திரும்பச் செங்கலுக்குள்ளேயே போகும். விழுந்த உப்பைச் செய்தித்தாளில் கூட்டி அள்ளவேண்டும், செடிப்பக்கம் கொட்டக்கூடாது.

பிறகு காகிதக் கூழ். செய்தித்தாளைக் கிழித்து நல்ல தண்ணீரில் ஊறவைத்து அரைத்து, முக்கால் அங்குலத்துக்கு அப்பி, முழுக்கக் காயும் வரை விடுவது. காய்கிற போக்கில் உப்பை வெளியே இழுக்கும். வறட்டி உரிகிற மாதிரி உரிந்து வரும். நாக்கு நுனியில் வைத்தால் கரிக்கிறது. மறுபடியும் ஒரு முறை.

செப்டம்பர் 22

போர் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்த உப்பு) மீட்டர் 2,000-ஐத் தாண்டுகிறது. அதில் சுண்ணாம்பு குழைத்தால் வெளியே இழுத்த உப்பை நாமே திரும்பப் பூசுகிறோம். மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீர் மட்டும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 500 வரை சிக்கலில்லை, மெட்ரோ அதற்குக் கீழேதான் காட்டுகிறது. ஆகவே அடுப்படியில் ஆர்.ஓ. வேண்டாம், ஒரு பங்கு குடிக்க இரண்டு மூன்று பங்கைச் சாக்கடைக்கு அனுப்பும் பெட்டி அது. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்துக் குழாயில் விடுகிறார்கள், அந்தத் தண்ணீரையா கீழே விடுவது?

கிளிஞ்சல் சுண்ணாம்பு ஆகஸ்டிலேயே நீற்றிப்போட்டது, வெண்ணெய்ப் பதம். சுண்ணாம்பு 1, சுர்க்கி (செங்கல் தூள்) 1, கழுவிய மணல் 2. சுர்க்கிக்கு இளஞ்சூட்டில் வெந்த செங்கல்தான் வேண்டும். நன்றாக வெந்ததை இடித்தால் வெறும் மணல், சுண்ணாம்போடு சேராது. "ஒரு பாண்டு சிமென்ட் போட்டா சீக்கிரம் இறுகும்க்கா." போடக்கூடாது. சிமென்ட் தன் பங்குக்கு வேறு உப்பைக் கொண்டுவரும், சுவரும் மறுபடி இறுகி மூடும். சிமென்ட் சூளைக்கு 1,450 டிகிரி வேண்டும், சுண்ணாம்புக்கு 900 போதும். சுடும்போது விட்ட கரிவாயுவில் ஒரு பகுதியை இறுகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளவும் செய்யும்.

செப்டம்பர் 25

முதல் பூச்சு, அரை அங்குலம். நனைத்த சாக்கு தொங்கவிட்டிருக்கிறது. ஃபேன் போட்டுக் காயவைத்தால் மயிர்க்கோடாக வெடிக்கும். ஃபேன் ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டியாயிற்று.

செப்டம்பர் 26

சாக்கு காய்ந்துகிடக்கிறது. யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. கரண்டிக்கும் ரசமட்டத்துக்கும் பொட்டு. பொரி. வேலை இல்லை.

அக்டோபர் 3

பழைய மரக்கடையில் தேக்கு உத்தரம். ஒன்பது அடி நீளம், நாலுக்கு மூன்று அங்குலம். நீளத்தை அகலத்தாலும் கனத்தாலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் முக்கால் கன அடி. நாலு கட்டை, மூன்று கன அடி. அறுவையில் கால் பங்கு தூளாகப் போகும் என்று வைத்தாலும் ஆறு கதவுக்குச் சட்டம் தேறும். எத்தனையோ வருஷம் காய்ந்த மரம், இனி முறுக்காது. ஆணிதான் பகை. மில்லுக்கு அனுப்பும் முன் காந்தம் வைத்துத் தடவவேண்டும். உடைந்த ஆணி உள்ளே இருந்தால் ரம்பம் போகும், அடுத்த முறை நம் கட்டையைத் தொடமாட்டார்கள்.

பழைய பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கும் இரண்டு கட்டையை உலர்வாகத் தேய்க்கக்கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எதையும் ஈயம் என்றே கொள்ளவேண்டும். ஈரமாக்கிச் சுரண்டி, சுரண்டலைத் தனிப் பையில்.

அக்டோபர் 5

கதவுக்கு வெளிப்பக்கம் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்), மெல்லிசாக மூன்று கை. உள்பக்கம் அரக்கு பாலிஷ். ஸ்பிரிட் வாடை அன்றே போய்விடும், எண்ணெய் வாடை வாரக்கணக்கில் நிற்கும். அதனால் கதவுகளை மொட்டைமாடி அறையில் வைத்துக் காயவைத்துவிட்டுக் கீழே இறக்குவது.

துடைத்த துணியை உருட்டி மூலையில் போட்டிருந்தார் ஆசாரி. "வெறும் எண்ணெய்த் துணிதானேம்மா?" வெறும் துணி இல்லை அண்ணே. லின்சீட் காய்கையில் சூடு விடும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு போக வழியின்றித் தானாகத் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து விரித்துப் போடவேண்டும்.

அக்டோபர் 8

கீல். காசிமேட்டு உப்புக்காற்றுக்கு முலாம் பூசிய இரும்புக் கீல் தாங்காது. எஸ்.எஸ். 304 என்ற துருப்பிடிக்காத எஃகுதான். மண்ணடியில் காந்தத்தை எடுத்து ஒட்டிக்காட்டி "ஒட்டல பாருங்க, 304" என்றார் ஒருவர். மலிவு ரகமான 202-ம் ஒட்டாது. சோதனைச் சொட்டும் சின்ன பேட்டரியும் வைத்தால்தான் தெரியும்: மாங்கனீஸ் அதிகமான 202 சிவக்கும். சிவந்தது.

அக்டோபர் 10

திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் என்கிறார்கள். திங்கள்! சாயங்காலம் மறுபடி போன். இல்லையாம்.

அக்டோபர் 12

ஃபால்ஸ் சீலிங் கேட்கிற மச்சானுக்கு: மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய) கூரை, 11 அடி உயரம், அதுதான் இந்த வீட்டின் ஏசி. மூடினால் உத்தரத்தில் கசிவோ கரையானோ வந்தால் இடியும்போதுதான் தெரியும்.

எக்ஸாஸ்ட் 9 அங்குலம் போதும். ஆனால் காற்று உள்ளே வர வழி வேண்டும். கதவுக்கு அடியில் முக்கால் அங்குலம் விடாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும், சிங்க் குழாயிலிருந்து சாக்கடை வாடையை இழுக்கும்.

அக்டோபர் 14

சுண்ணாம்பு வெள்ளை, முதல் கை. தண்ணிப் பால் பதம். ஈரச் சுவரில் கண்ணுக்கே தெரியாது, காய்ந்த பிறகுதான் வெளுக்கும். "சரியா பிடிக்கல"ன்னு கெட்டியாக அடித்தால் பொடியாக உதிரும். பெயிண்டர் கெட்டியாகத்தான் அடித்தார். தேய்த்து எடுத்து மறுபடி.

அக்டோபர் 16

மழை பிடித்துவிட்டது. சுவரில் நிழல் மாதிரி ஈரம், 1 அடி 2 அங்குலத்தில். மேஸ்திரி ஜெயித்த மாதிரி பார்க்கிறார். கீழேதான் இருக்கிறது அண்ணே, இருக்கவேண்டிய இடத்தில். இந்தப் பூச்சு உப்பைத் தான் வாங்கிக்கொண்டு உதிரத்தான் போட்டது, சில வருஷத்துக்கு ஒருமுறை அடிப்பக்கம் மட்டும் மாற்றிப் பூசவேண்டும். படுக்கையறைப் பக்கம் தடவிப் பார்த்தால் உலர்வு.

அக்டோபர் 17

இண்டக்ஷன் 2,000 வாட். 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. தனி லைன், 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர், 16 ஆம்பியர் பிளக். கேஸ் தீயின் நைட்ரஜன் புகை அத்தையின் நெஞ்சுக்கு ஆகாது, ஆகவே இதில் பேரம் இல்லை. அப்பளத்துக்கு ஒற்றை பர்னர் இருக்கட்டும்.

எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்தார். எர்த் ஒயர் இருக்கிறது, பச்சையாகவே இருக்கிறது, மீட்டர் பெட்டி வரை வருகிறது. அதற்கப்புறம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு மூடிய குழி இருப்பதாக எதிர்வீட்டுத் தாத்தா சொல்கிறார். தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குக் கிளம்பும் முன் நாளைக் காலை அதைத் தோண்டவேண்டும். உப்பு, கரி, இரண்டு வாளித் தண்ணீர், கடப்பாரை