வாய் முந்திக்கொண்டது

2023 ஏப்ரல் கடைசியில் என் கணவருக்குப் பதவி உயர்வு வந்தது, கூடவே இடமாற்றமும். அரசு வங்கியில் இரண்டும் ஜோடியாகத்தான் வரும். ஊர் திருநெல்வேலி. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்கா பஞ்சம், மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. என் வேலைதான் சென்னை சிறுசேரியில் கிடந்தது. பதினோரு வருஷமாக ஒரே கம்பெனியில், சாஃப்ட்வேர் டெஸ்டிங் டீமில் இருக்கிறேன்.

எங்கள் அலுவலகம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கிறது. அங்கே வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கு மேனேஜர் சம்மதித்தால் மட்டும் போதாது. வரிச்சலுகை வாங்கும் வளாகம் என்பதால் லேப்டாப் கேட்டைத் தாண்டுவதற்கே விதி உண்டு. 2022 ஜூலையில் வந்த 43ஏ விதி முதலில் பாதிப் பேருக்குத்தான் அனுமதி தந்தது. டிசம்பரில் அதை எல்லோருக்கும் என்று தளர்த்தி, 2023 டிசம்பர் 31 வரை கெடு வைத்தார்கள். "ரூல் இடம் கொடுக்காதும்மா" என்று எச்.ஆர். ஆரம்பித்தபோது இந்தத் தேதிகளைச் சொன்னேன். அதற்கப்புறம் அவர்கள் ரூலைப் பற்றிப் பேசவில்லை.

நெல்லை வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டு, மேனேஜரிடம் ஒற்றைத் தாளோடு போனேன். சாஃப்ட்வேர் வெளியாகும் கடைசி மூன்று ரிலீஸ் இரவுகளிலும் நான் சோழிங்கநல்லூர் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தேன் என்பது முதல் வரி. பிறகு இரண்டு இன்டர்நெட் இணைப்பு, இன்வெர்ட்டர், மாதம் இரண்டு நாள் நேரில் வருவது. மகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. குழந்தையைக் காரணம் சொல்லிக் கேட்ட தோழிக்கு "அப்ப பாதி கவனம்தான் இங்க இருக்கும்" என்ற பேர் விழுந்ததைப் பார்த்தவள் நான்.

அவர் தாளை நிதானமாகப் படித்தார். பேனா இன்வெர்ட்டர் வரியில் நின்றது.

"மாசம் ஒரு நாள் மெயின்டனன்ஸ்னு பகல் பூரா கரன்ட் எடுப்பாங்களே. இன்வெர்ட்டர் தாங்குமா?"

"நாத்தனார் வீடு வேற ஃபீடர் சார். அன்னிக்கு அங்க போயிடுவேன்."

சிரித்தார். "புதுசா வர்ற பசங்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பா?" என்றார். அதற்கும் பதில் வைத்திருந்தேன். தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசாமல் இருந்தார். பத்து விநாடி இருக்குமா? அந்த மௌனம்தான் எனக்குத் தாங்கவில்லை.

"வேணும்னா இந்த வருஷ இன்கிரிமென்டை விட்டுக்கொடுத்துடறேன் சார்."

யாரும் கேட்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அந்த நினைப்பே அவருக்கு இருந்திருக்கவில்லை என்று. மடித்த தாளைப் பிரித்து ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் எச்.ஆர். போன். "நீங்களே சொன்னீங்களாமே?" குரலில் என்ன மரியாதை!

வீட்டில் சொன்னேன். "அவர் கேட்டாரா?" என்றார் கணவர். இல்லை என்றேன். "அப்புறம் நீ ஏன் சொன்ன?" இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நெல்லைக்குப் போவது ஏதோ நான் செய்யும் குற்றம், அதற்கு அபராதம் கட்ட வேண்டும் என்று உள்ளுக்குள் நினைத்திருப்பேன் போல. பதினோரு வருஷ வேலையைக் கணக்கில் வைத்துப் பேசப் போனவள், கடைசியில் கடன் கேட்கப் போனவள் மாதிரி எழுந்து வந்தேன்.

ஒன்று மட்டும் உருப்படியாகச் செய்தேன். மேனேஜரிடம் பேசியதையெல்லாம் அன்றிரவே அவருக்கு மெயிலில் எழுதி, "சரியா சார்?" என்று கேட்டு, "யெஸ்" வாங்கி வைத்தேன். ஆகஸ்டில் அவர் வேறு பிராஜெக்டுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு யார் பர்மிஷன் கொடுத்தது?"

செப்டம்பரில் நெல்லைக்கு வந்தே பாரத் விட்டார்கள். எல்லோரும் எனக்காகவே விட்டதுபோல வாழ்த்தினார்கள். காலை ஆறு மணி வாக்கில் கிளம்பினால் எழும்பூர் போய்ச் சேர மதியம் ஆகிவிடும், பாதி நாள் போச்சு. நான் இன்னும் நெல்லை எக்ஸ்பிரஸில்தான் படுத்துக்கொண்டு போகிறேன்.

வருஷக் கடைசிக்குள் அரசு அந்தக் கெடுவை 2024 டிசம்பர் வரை நீட்டித்தது. என் அனுமதிக் கடிதத்தைப் புதுப்பிக்கப் புது மேனேஜர் கூப்பிட்டார். பேசி முடித்து, அவரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு மேஜை மேலிருந்த மகளின் கலர் பென்சில்களை எண்ணினேன். பதினான்காவது பென்சிலில், "ஓகே, அப்ரூவ் பண்ணிடறேன்" என்றார்.