பிலவங்க வருஷத்துப் புகை

எங்கள் வரலாற்று ஆசிரியரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் சார்வாள்தான். 1981-ல், வ.உ.சி. கைதை எதிர்த்து நடந்த 1908 திருநெல்வேலி எழுச்சியை நடத்தும்போது புத்தகத்தில் இருந்ததை வாசித்து முடித்தார். அப்புறம், "எங்க ஆச்சி இதைத் தட்டட்டியில (மொட்டைமாடியில) நின்னு பாத்திருக்கா" என்றார். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆச்சிக்கு அப்போது பத்து வயது. நகராட்சியின் மண்ணெண்ணெய் எரிந்த புகை எழும்பி, கொடியில் காய்ந்த சேலையெல்லாம் கரி படிந்ததாம். திரும்பவும் ஆற்றுக்குக் கொண்டுபோய்த் துவைத்தார்களாம். பிறகு ஊருக்குத் தண்டனையாகத் தண்டப் போலீஸை நிறுத்தி, அதன் செலவை ஊர்க்காரர்களிடமே வரியாகப் பிடுங்கினார்கள். அந்த வரிக்காக ஆச்சி வீட்டு வெண்கல உருளி விலைபோனது.

"பிலவங்க வருஷம், மாசி முடிஞ்சு பங்குனி பொறக்கிற சமயம்" என்பாளாம் ஆச்சி. சார்வாள் கரும்பலகையில் கணக்குப் போட்டார்: 1908 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. சரியாக அதே நாள். அந்தப் பொருத்தம்தான் அவரை எழுத வைத்தது. கோடை விடுமுறைதோறும் நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய், ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பிரதி எடுத்து வருவார். நோட்டில் இடப்பக்கம் ஆச்சி சொன்னது, வலப்பக்கம் ஆவணம். வ.உ.சி.யைப் பிடித்த அன்றைக்கே தீ என்று ஆச்சி சொல்லியிருந்தாள். ஆவணப்படி கைது 12-ம் தேதி, கலவரமும் நான்கு பேரைப் பலிகொண்ட துப்பாக்கிச் சூடும் மறுநாள். சார்வாள் இடப்பக்கத்தைத் திருத்தவில்லை. "அவ வீட்டுக்குச் சேதியும் புகையும் சேந்து வந்திருக்கும்லா?" என்றார்.

எங்களுக்கும் வேலை கொடுத்தார்: ஆளுக்கொரு வீட்டுக் கதை. எங்கள் ஆச்சியின் அம்மாவுக்கு ஒரு தம்பி. தாது வருஷப் பஞ்சத்தில் கொழும்புக் கரைக்குப் போனவர் திரும்பவேயில்லை. அவர் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார் என்று எழுதினேன். சார்வாள் 'தேயிலை'யைச் சிவப்பு மையால் சுழித்து, "1876-ல அங்க காப்பிதான் பெருசு. தேயிலை அப்புறம் வந்தது. ஆச்சிட்ட மறுபடி கேளுல" என்றார்.

ஆச்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை. "காப்பித் தோட்டம்னுதாம்ல எங்க அம்மா சொல்வாக. நீதான் தேயிலைன்னு எழுதிட்டுப் போயிருக்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நூறு வருஷமாகக் கதை தவறாமல் வந்திருக்கிறது. ஒரே ராத்திரியில் நான் மாற்றிவிட்டேன்.

சிறப்பு மலருக்காக இதை எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தத் தம்பியின் பெயர் என்னிடம் இல்லை என்பது உறைத்தது. சிங்கப்பூரிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. வள்ளியூரில் இருக்கிற பெரியம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். பெரியம்மாவுக்கு வயது 91.