இறால் பண்ணை அலாரத்துக்கு 100 மில்லிவாட் ரேடியோ மாற்றிய அனுபவம்

தேவிபட்டினத்துக்கு வடக்கே என் மச்சானுக்கு ஒரு வனாமி இறால் பண்ணை இருக்கிறது. ராத்திரி கரண்ட் போய், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கிவிடும். ஜெனரேட்டர் போட உடனே ஆளை எழுப்பியாக வேண்டும். அதற்காக மோட்டார் கொட்டகையில் ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று, காவல் குடிசையில் இன்னொன்று, இரண்டிலும் என்ஆர்எஃப்24எல்01 பிளஸ் ரேடியோ என்று ஓர் அலாரம் செய்து கொடுத்திருந்தேன். புதுக் குட்டை வெட்டியபோது கொட்டகை ஏறக்குறைய 300 மீட்டர் தள்ளிப் போனது. நடுவில் சீமைக்கருவேலம் வேறு. சிக்னல் விட்டு விட்டு வந்தது. "மாப்ள, நம்பிப் படுக்கிற மாதிரி செஞ்சு குடுங்க" என்றார்.

பழைய ரேடியோ மாடியூலின் (சிப் பொருத்திய சின்னப் பலகையின்) அதிகபட்ச சக்தி 1 மில்லிவாட்தான். அதே சிப்போடு, சிக்னலைப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயரும் வெளி ஆன்டெனாவும் சேர்ந்து வரும் மாடியூல் சுமார் 100 மில்லிவாட் விடும். இரண்டுக்கும் அதே 8 பின், அதே வரிசை. புரோகிராமையும் பெரிதாகத் தொட வேண்டாம். பிடுங்கிவிட்டுச் செருகினால் போதும் என்று தோன்றும். ஆனால் வேலையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் மின்சாரம். பழையது அனுப்பும்போது 11 மில்லிஆம்பியர் சுற்றி இழுக்கும். புதியது 115 வரை போகும். நானோவின் 3.3 வோல்ட் பின் 50 மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது. அதில் மாட்டினால் மாடியூல் பதில் சொல்லும், செட்டிங் எல்லாம் சரியாகக் காட்டும், அனுப்பும் நொடியில் வோல்டேஜ் சரிந்து பாக்கெட் (அனுப்பும் செய்தி) காணாமல் போகும். மாடியூல் டூப்ளிகேட் என்று பலர் தூக்கிப் போடுவது இதனால்தான். நான் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுத்து, வோல்டேஜைக் குறைத்து நிலையாக வைக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் வழியாக 3.3 கொடுத்தேன். அனுப்பும் நொடியில் வோல்டேஜ் சரியாமல் இருக்க, மாடியூலின் பின்னை ஒட்டியே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, கூடவே 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று. 3.6 வோல்ட்டைத் தாண்டினால் சிப் போய்விடும். அதனால் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருகினேன். ஆன்டெனா மாட்டாமல் பவர் கொடுக்கவே கூடாது.

மாற்றினால் இரண்டு முனையிலும் மாற்றுங்கள். கொட்டகையில் மட்டும் பலமானதை வைத்தால் செய்தி குடிசைக்குப் போய்ச் சேரும். ஆனால் "கிடைத்தது" என்று திரும்பி வரும் பதில் அதே 1 மில்லிவாட்டில்தான் வரும். அது கிடைக்காவிட்டால் கொட்டகை அதைத் தோல்வி என்றே எண்ணும்.

செய்தி அனுப்பும் வேகத்தை 250 கேபிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 250 கிலோபிட்) இறக்கினேன். மெதுவாகப் போகும் சிக்னலை ரிசீவர் இன்னும் நன்றாகப் பிடிக்கும்; கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல அதுவே தாராளம். சேனல் 76, அதாவது 2476 மெகாஹெர்ட்ஸ். சிப் 2525 வரை போகும் என்றாலும் உரிமம் இல்லாமல் நமக்கு அனுமதி 2483.5 வரைதான். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிக்கும்போது பவரைக் குறைந்த படியில் வையுங்கள். முழு பவரில் எதிர் ரிசீவர் திணறும்.

இவ்வளவுக்குப் பிறகும் கருவேலம் தன் வேலையைக் காட்டியது. இந்த அலைவரிசையை ஈர இலை நன்றாகவே குடிக்கும். 300 மீட்டர் தூரத்துக்கு, நடுப்பகுதியில் நேர்கோட்டைச் சுற்றி 3 மீட்டர் அளவுக்காவது வெளி வேண்டும். ஆகவே இரண்டு பக்கமும் ஜிஐ பைப் நட்டு, டப்பாவோடு ரேடியோவை மேலே ஏற்றினேன். நீளமான ஆன்டெனா கேபிள் போட்டால் கூட்டிய சக்தியில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். என்னைக் கேட்டால், பவருக்குச் செலவழிக்கும் முன் உயரத்துக்குச் செலவழிக்கலாம்.

வாடைக் காலத்தில் இந்தக் கரையில் உப்பு ஈரம் எதையும் விடாது. ஆன்டெனா இணைப்பின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி, டப்பாவின் ஒயர் துளையைக் கீழ்ப் பக்கம் வைத்தேன்.

இப்போது ஏரேட்டருக்குக் கரண்ட் இருக்கும்வரை கொட்டகை நிமிடத்துக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று சொல்கிறது. தொடர்ந்து மூன்று முறை சத்தம் இல்லையென்றால் குடிசையில் சைரன் அடிக்கும். கரண்ட் போனாலும் சரி, ரேடியோவே செத்தாலும் சரி. ஏரேட்டர் சுவிட்சை மச்சானே அணைத்துப் பார்த்தார். சைரன் அடித்தது. இப்போது கிழக்கே உள்ள குட்டைக்கும் ஒன்று கேட்கிறார்.