கயிற்றை விடு: எங்கள் வேஃபேரர் நாட்குறிப்பு

04.05.2024, சனி

படகு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பழைய வேஃபேரர் ரகப் பாய்ப்படகு. நீளம் 15 அடி 10 அங்குலம். பாய்மரம், பாய் எல்லாம் நீங்கலாக 169 கிலோ. அயன் ப்ராக்டர் 1957-இல் வடிவமைத்தது. பழகுபவர்களும் ஓட்டலாம், பந்தயத்துக்கும் போகலாம், மேலே கூடாரம் கட்டி இரவு தங்கவும் செய்யலாம். எங்கள் சின்னக் காரே இழுத்து வந்துவிட்டது.

டிரெய்லரின் மேல் ஒரு தள்ளுவண்டி, அதன் மேல் படகு. தண்ணீரில் இறங்குவது தள்ளுவண்டி மட்டுந்தான். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய டிரெய்லர் சக்கரத்தின் பேரிங்கைக் குளிர்ந்த நீரில் இறக்கினால் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு துருதான்.

18.05.2024, சனி

இங்கிலாந்தின் ரட்லண்ட் ஏரி, விட்வெல் கரை. பாய்மரத்தை நிமிர்த்துமுன் தலைக்குமேல் மின்கம்பி இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். தென்மேற்குக் காற்று. யாழ்ப்பாணத்தில் அம்மா இதைச் சோழகம் என்பார்.

கரையைவிட்டு நூறு மீட்டர் போயிருப்போம். ஒரு வீச்சுக் காற்று. படகு சரிந்தது, விளிம்பால் தண்ணீர் உள்ளே வந்தது, மகள் அலறினாள். நான் செய்தது ஒன்றே: பெரிய பாயின் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பயந்த கை பிடிக்கத்தான் பார்க்கும், விடாது. பக்கத்துப் படகிலிருந்த பெரியவர் "கயிற்றை விடு!" என்று கத்தினார். விட்டேன். பாய் படபடவென்று அடித்தது, படகு நிமிர்ந்து, வேகம் குறைந்து, சும்மா நின்றது.

கரையேறியதும் அவர் பாயைச் சுருக்கிக் கட்டக் காட்டித் தந்தார். காற்று பலமாக இருந்தால் கரையிலேயே சுருக்கிவிட வேண்டும், நடுத்தண்ணீரில் போய் யோசிக்கக்கூடாது.

02.06.2024, ஞாயிறு

இன்று வேண்டுமென்றே கவிழ்த்தோம். பாய்மர உச்சியில் மிதவை கட்டியிருந்ததால் படகு தலைகீழாகப் போகாமல் பக்கவாட்டில் கிடந்தது. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகைமேல் ஏறி நின்று பின்னால் சாய்ந்தேன், மெல்ல எழும்பியது. தண்ணீர் இறைக்கத்தான் நேரம் பிடித்தது. மிதவைச் சட்டையோடு மிதந்துகொண்டே மகள், "அப்பா, இவ்வளவுதானா?" என்றாள். அந்தக் கேள்விக்காகவே இந்தக் குளிரைத் தாங்கலாம்.

09.06.2024, ஞாயிறு

மழை. போகவில்லை. ஃபிராங்க் டை என்ற ஆங்கிலேயப் படகோட்டி 1963-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துவரை போனதும் ஒரு வேஃபேரரில்தான் என்று மனைவிக்குச் சொன்னேன். "நீங்கள் ஏரியிலேயே நில்லுங்கோ" என்றாள். நிற்கிறேன்.

22.06.2024, சனி

மூவரும் நார்மன்டன் தேவாலயம்வரை போய் வந்தோம். இந்த ஏரியை நீர்த்தேக்கமாகக் கட்டியபோது தேவாலயத்தின் கீழ்ப்பாதியைக் கல்லும் கான்கிரீட்டும் இட்டு நிரப்பியதால் மேல்பாதி மட்டும் நீரோரம் தெரிகிறது. காற்று பக்கவாட்டில், போகவும் வரவும் சுகமான ஓட்டம்.

திரும்புகையில் சுக்கான் மகள் கையில், பாய்க்கயிறும் அவளிடமே. தூரத்தில் தண்ணீர் கறுத்து, காற்று ஓடி வருவது தெரிந்தது. நான் வாய் திறக்குமுன் அவள் கயிற்றை ஒரு முழம் விட்டாள். படகு லேசாகச் சாய்ந்து, நிமிர்ந்து, போய்க்கொண்டே இருந்தது. மனைவி முன்பக்கத்தில் புட்டைப் பிட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றையும் கவனிக்கவில்லை.